பிள்ளைகளோடு திருகோணமலையில் பாய்ப்படகு விடுமுறை: ஓகஸ்ட்டில் வரலாமா?

ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், உங்களுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கொஞ்சம் தெரியும், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் திருகோணமலையில் நாலைந்து நாள் கடலில் சுற்ற ஆசை, அலை குறைந்த பாதுகாப்பான இடம் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வாருங்கள். ஆனால் ஓகஸ்ட்டை விட்டுவிட்டு ஏப்ரலில் வாருங்கள். காரணம் கச்சான்.

மே முடிவிலிருந்து செப்டெம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் சூடான தரைக்காற்றைத்தான் எங்கள் பக்கம் கச்சான் என்போம். அந்த மாதங்களில் கிழக்குக் கரைக் கடல் அமைதியானது என்று சுற்றுலாக்காரர் எல்லோரும் சொல்வார்கள். கரையோரத்தில் அது உண்மைதான். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையை ஒட்டி அலை எழும்ப இடமில்லை, தண்ணீர் பளிங்கு போலக் கிடக்கும். அந்தப் பளிங்குதான் ஆளை ஏமாற்றும்.

நானும் ஏமாந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஓகஸ்ட் காலை, மச்சானின் பதினெட்டடிப் படகில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு உப்புவெளிக் கரையிலிருந்து வெளிக்கிட்டேன். பாய் நிறைந்து படகு வழுக்கிக்கொண்டு போனது. திரும்பலாம் என்று சுக்கானைத் திருப்பியபோதுதான் காற்றின் முழுப் பலமும் முகத்தில் அடித்தது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, வாடகைக்கு எடுத்த எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது. கரையில் சவுக்கு மரங்கள் சிறுத்துக்கொண்டே போயின. மகள் ஒன்றும் பேசவில்லை. என் சேட்டு நுனியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள், உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வலை இழுத்துத் திரும்பிய மீன்பிடிப் படகு ஒன்றுதான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. அதிலிருந்த பெரியவர் கயிற்றை அவிழ்க்கும்போது சொன்னார்: "தம்பி, கரைத் தண்ணியைப் பார்த்து இறங்கக் கூடாது. தூரத்தில தண்ணி கறுத்துச் சுருங்குதா எண்டு பார்க்கோணும். அங்கதான் காத்து நிக்குது."

அன்றிலிருந்து பிள்ளைகளோடு போகும் பயணத்துக்கு நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: எல்லாம் பழுதாகிவிட்டால் காற்று எங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? ஓகஸ்ட்டில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அதற்குப் பதில் வங்காள விரிகுடா. ஏப்ரலில் பதில் கரை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம் அது. விடியற்காலையில் மெல்லிய தரைக்காற்று, வெயில் ஏறினால் கடற்காற்று. அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். ஆனால் அந்த மாதத்தில் பின்னேரம் இடிமழை வரும். நடுக்கடலில் உயரமாக நிற்பது உங்கள் பாய்மரம் ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள். இரண்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

ஓட்டுகிற இடம் உள்துறைமுகம். அதுவும் முதல் இரண்டு நாள் வேறெங்கும் வேண்டாம். நாலு பக்கமும் தரை சூழ்ந்திருப்பதால் படகு எப்படி அலைந்தாலும் ஏதோ ஒரு கரை தாங்கும். வற்றுப் பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவு, அதைக் கணக்குப் பார்த்து மண்டையை உடைக்கத் தேவையில்லை. சீனன்குடாப் பக்கம் போக ஆசையென்றால் விடியவே போய், கடற்காற்று எழுமுன் நகரப் பக்கம் திரும்பிவிடுங்கள். பிந்தினால் வழி முழுக்கக் காற்றுக்கு எதிரே வெட்டி வெட்டி வரவேண்டும், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். கடற்படைத் தளத்துக் கரையை நெருங்க வேண்டாம். உள்துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவுகளில் இறங்குவதும் கடற்படையின் அனுமதியோடுதான். வெளிக்கிட முதலே எங்கே ஓட்டலாம் என்று துறைமுகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வாயைத் தாண்டினால் கொட்டியார் குடா. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்த குடா அது. அதன் மறுகரையிலுள்ள மூதூர், திருகோணமலை நகரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று குடாவுக்குள்ளேயே வந்து முடிவதால் பல இடங்களில் உங்கள் நங்கூரக் கயிறு அடியைத் தொடாது. உங்கள் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். மூதூருக்குத் தரைவழியாகப் போங்கள். புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிபார்க்க இந்தக் குடாவுக்குள் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் ரொபர்ட் நொக்ஸும் அவர் தந்தையும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது அங்கேதான். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார், மகன் தப்பிப் போக 1679 ஆகிவிட்டது. என் மகளுக்குப் பாய்மரத்தின் அருமை விளங்கியது அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

இரவில் படகில் தங்க வேண்டாம். பகலில் மூன்று நாலு மணித்தியாலம் ஓடிவிட்டுக் கரையில் அறை எடுத்துத் தூங்குங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே நிறைய.

உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும், கால்களுக்கு இடையால் போகும் பட்டியோடு. போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது உதவாது. பிறகு தேங்காய்ப் பயிற்சி. உரிக்காத தேங்காய் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, "ஆள் விழுந்துட்டுது!" என்று கத்துங்கள். ஒரு பிள்ளையின் வேலை கண்ணை எடுக்காமல் விரலால் அதைக் காட்டிக்கொண்டே இருப்பது. சின்ன அலையிலேயே தேங்காய் எவ்வளவு விரைவாகக் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் திடுக்கிடுவீர்கள், ஒரு தலையும் அந்த அளவுதான் தெரியும். அப்புறம் உங்கள் மனைவி தனியாகப் பாயை இறக்கி, எஞ்சினைத் தொடக்கி, அந்தத் தேங்காயை எடுக்கட்டும். தண்ணீரில் விழுவது நீங்களாகவும் இருக்கலாம். அவர் மூன்று முறை தவறாமல் எடுத்த பிறகு வெளிக்கிடுங்கள்.

காற்று ஒத்துவராத நாளுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் கோணேசர் கோயிலும் இருக்கின்றன. புறாமலைத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து அங்குள்ள படகுக்காரரோடு போங்கள். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, பவளப்பாறை மேல் உங்கள் நங்கூரம் விழக் கூடாது.

சித்திரைப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மீனவர்கள் பலர் வீட்டோடு இருப்பார்கள், எஞ்சின் திருத்தக்கூட ஆள் அகப்படாது. அது முடிந்து அடுத்த வாரம் சரி.