கணினி கேள்வி – பதில்: ‘கிளாஸ்’ கூடாது, ‘லிஸ்ட்’ மட்டும் கூடுமா?

கேள்வி: பைத்தான் நிரல் ஒன்றில், மாணவர் படிக்கும் வகுப்பைக் குறிக்கும் மாறிக்கு ‘கிளாஸ்’ என்று பெயரிட்டேன், தொடரியல் பிழை என்று வந்தது. ‘லிஸ்ட்’ என்று இன்னொரு மாறிக்குப் பெயரிட்டபோது மறுப்பே இல்லை. இரண்டும் அம்மொழிக்கு உரிய சொற்கள்தாமே?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உரியவைதாம், ஆனால் உரிமை ஒரே வகையானது அன்று. ‘கிளாஸ்’ பைத்தானின் இலக்கணத்திலேயே இடம்பெற்ற கீவேர்ட், அதாவது மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல். வரியின் தொடக்கத்தில் அதைக் கண்டதும், அடுத்து வருவது ஒரு கிளாஸின் (தரவையும் அதற்கான செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வார்ப்பின்) வரையறை என்று மொழி முடிவுசெய்துவிடுவதால், அதை வேறெதற்கும் பெயராக வைக்க இயலாது. இப்படி ஒதுக்கப்பட்டவை இன்றைய பைத்தானில் 35 சொற்கள். ‘லிஸ்ட்’ அவற்றுள் ஒன்று அன்று. பட்டியல்களை உருவாக்குவதற்காக முன்கூட்டியே வரையறுத்துத் தரப்பட்ட ஒரு பெயர் மட்டுமே. அதை நீங்கள் மாறியின் பெயராக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே நிரலில் பின்னர் எங்கேனும் உண்மையான ‘லிஸ்ட்’டை அழைக்கும்போது, தொடர்பே இல்லாதது போல் தோன்றும் வரியில் பிழை வந்து நிற்கும். என்னைக் கேட்டால், உடனே மறுக்கும் ‘கிளாஸ்’தான் நல்லது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் புதிதாக ஒரு சொல்லை ஒதுக்கினால், அதே சொல்லைப் பெயராகக் கொண்ட பழைய நிரல்கள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாதவையாகிவிடும். 2018-இல் வெளிவந்த பைத்தான் 3.7, ‘ஏசிங்க்’, ‘அவெயிட்’ ஆகியவற்றைக் கீவேர்டுகளாக்கியபோது, ‘ஏசிங்க்’ என்னும் பெயரை ஏற்கெனவே பயன்படுத்திவந்த நூலகங்கள் (பிறர் எடுத்தாள எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. எனவே 2021-இல் பைத்தான் 3.10, ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு ஒப்பிடும் ‘மேட்ச்’ கூற்றை அறிமுகப்படுத்தியபோது, அந்தக் கூற்று வரும் இடத்தில் மட்டும் கீவேர்டாகவும் பிற இடங்களில் சாதாரணப் பெயராகவும் இருக்கும்படி அச்சொல்லை அமைத்தார்கள். முழுமையாக ஒதுக்கியிருந்தால், உரையில் வடிவங்களைத் தேடுவதற்காக மொழியுடனேயே வரும் ‘ஆர்ஈ’ நூலகத்தின் ‘மேட்ச்’ என்னும் புகழ்பெற்ற செயற்கூறே பெயரிழந்திருக்கும்.

எதிர்த்திசையில் சென்ற மொழியும் உண்டு. 1960-களில் உருவான பிஎல்/ஒன் எந்தச் சொல்லையும் ஒதுக்கவில்லை. ‘இஃப்’, ‘தென்’ ஆகியவற்றையே மாறிகளின் பெயர்களாகவும் வைத்து எழுதலாம். கணினி குழம்பாது, படிக்கும் மனிதரைப் பற்றி நான் உறுதி கூற மாட்டேன். ஜாவா மொழியோ, சி++ போன்ற மொழிகளில் நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் ‘கோட்டு’ (goto) என்னும் சொல்லுக்கு எந்தப் பயனும் தராமலேயே அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. சி++ பழக்கத்தில் எவரேனும் அதை எழுதிவிட்டால், பிழையைத் தெளிவாகச் சுட்டிக்காட்ட அது உதவும்.

உங்கள் மாறிக்கு வருவோம். ‘கிளாஸ்’ என்பதன் இறுதியில் ஓர் அடிக்கோடு சேர்ப்பது பைத்தானின் நடை வழிகாட்டியே பரிந்துரைக்கும் வழி. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளையும் பெயர்களில் ஏற்பதால், ‘வகுப்பு’ என்று தமிழிலேயே பெயரிட்டாலும் நிரல் இயங்கும்.