நுகர்வோர் கேள்வி-பதில்: அடித்துப் பார்க்காமல் கோல்ஃப் மட்டை வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஆறு கோல்ஃப் பற்றியவை. சனி, ஞாயிறு ஆனால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஆடிவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் கூடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. எல்லாக் கடிதத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 61, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். ராணிப்பேட்டை பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகும்போது அவனோடு ஆடிப் பழகினேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் தன் பழைய செட்டைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அவர் ஆறடி ஆள். வாங்கிக்கொள்ளலாமா? – காந்தி நகர், காட்பாடி

சும்மா கிடைக்கிறதே என்று உடனே தலையாட்ட வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டாம். முதலில் மைத்துனரிடம் மூன்று விவரம் கேளுங்கள். ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, இரும்பா, கிராஃபைட்டா? ஷாஃப்டின் மேல் சுற்றியிருக்கும் பட்டையில் என்ன எழுத்து இருக்கிறது? நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை எத்தனை அங்குல நீளம்?

அந்த எழுத்துதான் ஷாஃப்ட் எவ்வளவு விறைப்பு என்று சொல்வது. ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப், ஏ என்றால் ஆரைவிட இளக்கமானது. வயதானவர்களுக்கு அதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். தொலைதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுகிறவருக்கு ஆர், அதற்கு மேல் எஸ் என்பது கடைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வேகத்தை அளக்கக் கருவி இல்லையென்றால் தூரத்தை வைத்துப் பாருங்கள். டிரைவரில் உங்கள் பந்து 200 கெஜத்தை எட்டவில்லை என்றால் எஸ் ஷாஃப்ட் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பந்து எழும்பாது, வலது பக்கம் ஒதுங்கும், சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும். எடையும் சின்ன விஷயமில்லை. இரும்பு ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் இருக்கும், கிராஃபைட் 50 முதல் 80 கிராம். பதினெட்டுக் குழி முடிப்பதற்குள் இந்த வித்தியாசத்தை உங்கள் கை சொல்லிவிடும்.

அடுத்தது நீளம். ஆடும்போது போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 34 அங்குலத்தை ஒட்டி வந்தால் கடையில் வரும் நீளமே போதும். உங்கள் உயரத்துக்கு அது 32-க்குப் பக்கத்தில் வரலாம். அப்படியானால் அரை அங்குலம் குறைந்த மட்டைதான் உங்களுக்கானது. கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும். அளவை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே தொடங்குவது என்று காட்டுகிற ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமாக இருந்தால் அறுத்துவிட்டால் போச்சு என்று நினைக்கலாம். அறுக்கலாம்தான். ஆனால் கைப்பிடிப் பக்கம் அரை அங்குலம் அறுத்தாலே மட்டையின் தலை கைக்கு லேசாகத் தெரியும், ஷாஃப்டும் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே எஸ் ஷாஃப்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அறுப்பதற்கு முன்னால், கைப்பிடியை அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். செலவில்லாத சோதனை அது.

பலரும் விட்டுவிடுவது லை கோணத்தை. மட்டை தரையில் எப்படி உட்காருகிறது என்பதுதான் லை. உயரமானவரின் மட்டையைக் குள்ளமானவர் பிடித்தால் மட்டைத் தலையின் நுனி தூக்கிக்கொள்ளும், தண்டு சேரும் குதிகால் பக்கம் மண்ணில் குத்தும், வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். நம்மில் பலர் அதற்குத் தன் கையைத் திட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தில் நேர்கோடு ஒன்றை அழுத்திப் போடுங்கள். கோடு செங்குத்தாக, மட்டையின் முகத்தைப் பார்த்தபடி இருக்குமாறு பந்தை வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதிந்திருக்கும். அங்கே இருக்கும் வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரி. கோட்டின் மேல்முனை மட்டையின் நுனிப் பக்கம் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு நிமிர்ந்திருக்கிறது. குதிகால் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது. ஒரே அடியை நம்பாமல் ஐந்தாறு அடித்து, ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கோணம் தப்பாக இருந்தால் வளைத்துத் திருத்தலாம். அடித்து உருவாக்கிய மென்எஃகு அயர்னை ஒன்றிரண்டு டிகிரி வளைப்பது கடைக்காரருக்குச் சாதாரண வேலை. உருக்கி ஊற்றிய கெட்டித் துருவில்லா எஃகில் சில வகை வளையாது, தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தில் விரிசல் விடும். பெல்லில் இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வளைக்கக் கொடுக்கும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, மைத்துனரின் ஷாஃப்ட் ஆர் அல்லது ஏ கிராஃபைட் என்றால் வாங்கிக்கொண்டு லையையும் கைப்பிடியையும் திருத்துங்கள். இரும்பு எஸ் என்றால் நன்றி சொல்லிவிட்டு, பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரையும், கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்கும் வெட்ஜ் ஒன்றையும் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் டிரைவர் பார்த்தேன். 9 டிகிரி லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வு) உள்ளதுதான் தூரம் போகும் என்றார் விற்பனையாளர். அங்கே அடித்துப் பார்த்தபோது, தூரத்தைக் கணக்கிட்டுக் காட்டும் திரையில் ஒரு அடி 240 கெஜம் போனதாகக் காட்டியது. வாங்கலாமா? வயது 34, ஆட ஆரம்பித்து ஒரு வருடம். – வாலாஜாபேட்டை

அந்த ஒரு அடியை மறந்துவிடுங்கள். நீங்கள் அடித்த மற்ற அடிகளெல்லாம் எங்கே போயின?

வேகமாக வீசுகிறவருக்குத்தான் குறைந்த லாஃப்ட் பொருந்தும். ஒரு வருட ஆட்டக்காரர் 9 டிகிரியில் அடித்தால் பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் விழும், வலது பக்கம் வளைவதும் அதிகமாகத் தெரியும். 10.5-லிருந்து 12 வரை உள்ளதைக் கேளுங்கள். மட்டையின் கழுத்தைத் திருகி லாஃப்டை ஒன்றிரண்டு டிகிரி மாற்றிக்கொள்ளும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

சோதிக்கும் முறையில் கறாராக இருங்கள். ரயிலிலிருந்து இறங்கி நேரே போய் அடிக்காதீர்கள், பத்து நிமிடம் உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இப்போது ஆடும் டிரைவரையும், வழக்கமாக ஆடும் பந்து இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் பழைய டிரைவரில் பத்து அடி, அப்புறம் புதியதில் பத்து. மொத்தத் தூரத்தை விட்டுவிட்டு, பந்து காற்றில் போன தூரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தரையில் உருண்டதாகத் திரை காட்டுவது வெறும் கணக்கு. இடம் வலமாகப் பந்து எவ்வளவு சிதறியது என்பதையும் பாருங்கள். பத்து கெஜம் கூடக் கிடைத்து, பாதிப் பந்து மரத்துக்குள் போனால் என்ன லாபம்?

மட்டையின் முகத்தில் மார்க்கரால் லேசாகப் பூசிவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் மை அழிந்து தெரியும். நடுவில் படாமல் சுற்றிலும் சிதறியிருந்தால் நீளம் உங்களுக்கு அதிகம். இப்போது கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தைச் சுற்றி இருக்கின்றன. கோல்ஃப் விதி 48 அங்குலம் வரை அனுமதிக்கிறது, ஆனால் அது உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே டிரைவரை ஒரு அங்குலம் கீழே பிடித்து ஐந்து அடித்துப் பாருங்கள். புள்ளிகள் நடுவில் கூடினால் 44.5 அங்குலத்துக்குக் கேளுங்கள்.

அன்றே பணம் கட்டாதீர்கள். எண்களைப் படம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, அடுத்த வாரம் மறுபடி போங்கள். இரண்டு நாளும் ஒரே மட்டை ஜெயித்தால் வாங்கலாம்.

கேள்வி: கைப்பிடி வழுக்குகிறது. மாற்றச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? – சாய்நாதபுரம், வேலூர்

வீட்டிலேயே செய்யலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். வேலூர் வெயிலில் கையில் ஊறும் வியர்வையும் எண்ணெயும்தான் பாதி வழுக்கலுக்குக் காரணம். கழுவியும் பளபளப்பு போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

வாங்கும்போது பருமனைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் இடது கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். இடைவெளி இருந்தால் பருமன் அதிகம், நகம் அழுத்தினால் குறைவு.

பழையதை வளைந்த முனையுள்ள பிளேடால் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக அறுத்து உரியுங்கள். கிராஃபைட் ஷாஃப்டில் கத்தி ஆழமாக இறங்கக் கூடாது. பழைய டேப் பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் புதிதாகச் சுற்றி, மேல்முனையில் அரை அங்குலம் நீட்டி உள்ளே மடக்குங்கள். புதுக் கைப்பிடியின் மூடிய முனையில் இருக்கும் சிறு துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் கவிழ்த்து நனையுங்கள். இந்த இடத்தில் தயங்கக் கூடாது. ஒரே தள்ளாக அடிவரை தள்ளிவிட வேண்டும். பாதியில் நின்றால் பசை பிடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். ஏறியதும் கோடு நேராக இருக்கிறதா என்று உடனே திருகிச் சரிசெய்யுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

இன்னொன்று: கத்திரி வெயிலில் மட்டைப் பையைக் கார் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள். தலையையும் ஷாஃப்டையும் பிணைத்திருக்கும் பசை சூட்டில் தளரும், கைப்பிடியும் பிசுபிசுக்கும்.

கேள்வி: தோல் கையுறை ஒரு மாதத்தில் அட்டை மாதிரி விறைத்துவிடுகிறது. விலை கூடியது வாங்கினால் உழைக்குமா? – ஆம்பூர்

விலை கூடியதில் இருப்பது மெல்லிய செம்மறித் தோல். பிடிப்பு அருமையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் போகும். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஈரத் தோலை வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும் என்று. இரண்டு கையுறை வைத்துக்கொண்டு ஆறு குழிக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நிழலில் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிப் பையில் திணிக்காதீர்கள். பயிற்சிக்குச் செயற்கைத் தோல் போதும்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்குப் பெயர் பெற்ற கம்பெனியின் டிரைவரும் அயர்ன் செட்டும் வாங்கினேன். எழுத்துகளில் வண்ணம் பிசிறடிக்கிறது. போலி என்று சந்தேகம். திரும்பக் கேட்டால் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்கிறார்கள். – சத்துவாச்சாரி

முதலில் சந்தேகத்தை உறுதி செய்யுங்கள். கழுத்துப் பகுதியில் தொடர் எண் இருக்கிறதா, அதைக் கம்பெனியின் இந்திய விற்பனைப் பிரிவுக்கு அனுப்பினால் அவர்களுடைய பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணையே நகலெடுத்துப் போடும் போலிகளும் உண்டு, அதனால் எண் இருப்பது மட்டும் போதாது. டிரைவரின் தலை டைட்டானியம் என்று விளம்பரம் செய்திருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். திருகுகள் இருக்கும் இடங்களைத் தவிர தலையில் வேறெங்கும் ஒட்டக் கூடாது. பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு புகார்.

வாபஸ் இல்லை என்று பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிப்போய்விடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. அதனால் நாளைத் தள்ளாதீர்கள். இணைய நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

உங்கள் அளவுக்கென்று செய்யச் சொல்லி வாங்கினால் கதை வேறு. நன்றாக வந்த பொருளை, மனம் மாறிவிட்டது என்று திருப்ப முடியாது. ஆகவே நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்ட் எழுத்து, கைப்பிடிப் பருமன் ஐந்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வந்த அன்றே அளந்து பாருங்கள். எழுதியதும் வந்ததும் வேறாக இருந்தால் அது அவர்கள் தவறு, அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. அவள் அப்பாவின் பழைய மட்டைகளை அறுத்துக் கொடுக்கலாமா? – குடியாத்தம்

வேண்டாம்மா. அறுத்தாலும் தலையின் எடை குறையாது, ஷாஃப்டின் விறைப்பு இன்னும் கூடும். பிள்ளை அதைத் தூக்கி வீசுவதற்காக உடம்பை வளைத்து ஆடப் பழகிவிடுவாள், பின்னால் மாற்றுவது கஷ்டம். பையில் 14 மட்டை வரை வைக்கலாம் என்பதுதான் விதி, 14 வேண்டும் என்பதல்ல. அவள் உயரத்துக்கான சிறுவர் மட்டையில் ஒரு புட்டர், ஒரு வெட்ஜ், ஏழாம் நம்பர் அயர்ன், டிரைவருக்கும் அயர்னுக்கும் நடுவான ஒரு ஹைப்ரிட், இந்த நான்கு போதும். வளர வளர மாற்ற வேண்டிவரும் என்பதால் நல்ல நிலையில் இருக்கும் பழையதே தேடுங்கள். கடைக்கு அவளையும் கூட்டிப்போங்கள், அவளே நாலு பந்து அடித்துப் பார்க்கட்டும்.