வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுடைய பையில் டேபென்டடால் என்று அச்சிட்ட மாத்திரை அட்டையும் இன்சுலின் சிரிஞ்சும் இருந்தன. கேட்டால், "இது வலி மாத்திரைதானம்மா, கஞ்சாவா?" என்கிறான். பத்து நாள் வீட்டிலேயே பூட்டி வைத்தால் சரியாகிவிடுமா? - கோவை வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி உண்மை. டேபென்டடால், கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துதான். ஆனால் மூளையில், அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில்தான் இதுவும் ஒட்டிக்கொள்கிறது. விழுங்கினால் குடல் வழியாக மெல்ல ஏறுவது, ஊசியில் நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பழக்கத்தை இறுக்குவதும், அளவு மீறினால் மூச்சை அடக்குவதும் இந்த வேகம்தான். இதன் உறவு மருந்தான டிரமடாலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் கடைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; தாராளமாக எழுதித் தரும் மருத்துவர்களான எங்கள் பேனாவுக்கும் இதில் பங்குண்டு.

மாத்திரை என்பது முழுக்க மருந்தன்று. அதற்கு உருக்கொடுக்கச் சேர்க்கும் டால்க், செல்லுலோஸ், மாவு ஆகியவை நீரில் கரையாதவை. ரத்தத்தில் கலந்ததும் நேராக நுரையீரலுக்குச் சென்று, மயிரிழையினும் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொண்டு, பின்னாளில் தீராத மூச்சுத்திணறலாக மாறக்கூடியவை. என்னிடம் வந்த ஓர் இளைஞரின் முன்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை ரத்தக்குழாய் கயிறாகத் தடித்துக் கிடந்தது. அதில் ரத்தப் பரிசோதனைக்குக்கூட ஊசி ஏற்ற முடியவில்லை. தோலிலுள்ள கிருமிகள் இதய வால்வைப் பற்றினால் உயிருக்கே ஆபத்து. நான்கு பேர் காசு சேர்த்து வாங்கும்போது பெரும்பாலும் சிரிஞ்சும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் எச்.ஐ.வி-யும் ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்கும், பிறகு அவர்கள் மணக்கும் பெண்களுக்கும் பரவலாம். ஆகவே மகனுக்கு மட்டுமல்லாமல் அவன் நண்பர்களுக்கும் இந்தப் பரிசோதனைகள் தேவை. ஹெபடைட்டிஸ் சி மாத்திரைகளால் குணமாகக்கூடியது. அரசுத் திட்டத்தில் அவை இலவசம்.

தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கும் வலி, தூக்கமின்மை எல்லாம் வரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை அடங்கும். ஆனால் ஏக்கம் அடங்காது. எனக்கு அதைவிடக் கவலை தருவது பதினோராம் நாள். அதற்குள் உடல் தன் தாங்குதிறனை இழந்திருக்கும். கதவு திறந்ததும் அவன் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். நாக்கின் அடியில் வைக்கும் பூப்ரினார்ஃபின் மாத்திரையைப் பல மாதங்கள் கண்காணிப்பில் தர வேண்டியிருக்கலாம். அது ஒரு போதைக்கு இன்னொரு போதை அன்று, ஏக்கத்தை அடக்கும் சிகிச்சை. வழக்கு வருமோ என்று தயங்க வேண்டாம்: தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு, சிறு அளவுக் குற்றங்களில் விலக்களிக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே இடம் தருகிறது.

எப்போதாவது அவன் எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். அந்த மாத்திரை அட்டையை எறிந்துவிடாதீர்கள். இவ்வகை மருந்தின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போடலாமா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அது உதவும்.