யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்குத் தனியாகப் போகலாமா? கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): வேலை விஷயமா சிங்கப்பூர் போறேன், ஒரு நாள் ஃப்ரீ. வயசு 46. ஒத்த ஆளா தீம் பார்க்குல சுத்துனா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?

பதில்: அங்கே வருபவர்களுக்கு அவரவர் பிள்ளைகளைத் தேடவே நேரம் சரியாக இருக்கும், உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? கூச்சம் தட்டுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, பேச்சுத்துணை இல்லாமல் நீண்ட வரிசையில் நிற்கும்போது. இன்னொன்று, சாப்பாட்டு மேசை. முதலாவதற்குப் பூங்காவிலேயே வழி இருக்கிறது: ‘சிங்கிள் ரைடர்’ வரிசை.

கேள்வி (கோவை): அந்த வரிசை எப்படி வேலை செய்யுது? நிஜமாவே சீக்கிரம் நகருமா?

பதில்: டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ரைடின் வண்டியில் வரிசைக்கு 4 இருக்கை, 3 வரிசை, ஆக 12 பேர். மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஓரத்தில் ஒரு இடம் காலி. அதை நிரப்பத்தான் தனி ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். ஊழியர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் உடனே முன்னே போய்விடுங்கள். தயங்கினால் பின்னால் நிற்பவர் போய்விடுவார். ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டர்கள் இரண்டுக்கும் இந்த வசதி உண்டு.

சில நேரம் நகராது. நான்கு நான்கு பேராகவே கூட்டம் வந்துகொண்டிருந்தால் காலி இடமே விழாது. கூட்டம் அதிகமானால் சிங்கிள் ரைடர் வாசலையே மூடிவிடுவார்கள். அரை மணி கழித்துத் திரும்பிப் பாருங்கள். எந்த இருக்கை வேண்டும் என்று கேட்கவும் முடியாது. சாதாரண வார நாளில் தனி ஆள் எக்ஸ்பிரஸ் பாஸ் (கூடுதல் காசு கொடுத்து வேகமான வரிசையில் போகும் சீட்டு) வாங்குவது வீண் செலவு என்பேன். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூனிலும் டிசம்பரிலும் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கேள்வி (சேலம்): பையை யார்கிட்ட குடுக்கிறது?

பதில்: தனியாகப் போகிறவருக்கு உண்மையான தொல்லை இதுதான். ரோலர் கோஸ்டர்களில் பை கொண்டுபோக விடமாட்டார்கள், பக்கத்து லாக்கரில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம்வரை இலவசம், தாண்டினால் காசு. தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று, அதற்குள் பவர் பேங்க், மடித்த மழைக்கோட்டு, அவ்வளவு போதும். லாக்கர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால், போனும் உள்ளேதான் பூட்டிக் கிடக்கும்!

கேள்வி (மதுரை, பெண்): எதுல முதல்ல ஏறணும்னு ஒரு வரிசை சொல்லுங்க அக்கா.

பதில்: வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், மின்னல் வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் கதவு திறந்ததும் பேட்டில்ஸ்டாரும் கேனபி ஃபிளையரும். பேட்டில்ஸ்டாரில் இரண்டு தடம் உண்டு. ‘ஹ்யூமன்’ பக்கம் உட்கார்ந்து போவது, வேகம் உண்டு, தலைகீழாகாது. ‘சைலான்’ பக்கம் கால் தொங்க, தலைகீழாகச் சுழற்றும். ஹ்யூமனில் முதலில் ஏறி, வயிறு ஒத்துழைத்தால் சைலான்.

மழை பிடித்ததும் எல்லாரும் கூரைக்கு அடியில் இருக்கும் மம்மிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் ஓடுவார்கள். சிங்கிள் ரைடர் வரிசை அப்போது பெரிய உதவி. மம்மி இருட்டில் திடீரென்று பின்னோக்கிப் பாயும். சாப்பிட்ட கையோடு வேண்டாம். ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் வட்டமான படகு, அதில் யார் நனைவார் என்பது சுழலும் திசையைப் பொறுத்தது. ஈரச் சாக்ஸோடு நாள் முழுக்க நடப்பது கொடுமை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நான் சுத்த சைவம். தனியா உட்கார்ந்து சாப்பிடவும் ஒரு மாதிரி இருக்கு.

பதில்: காலையில் லிட்டில் இந்தியாவில் இட்லி பொங்கல் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவில் 12 முதல் 2 வரை மேசைக்கு அடிதடி. 11 மணிக்கோ இரண்டரைக்கோ போனால் ஓர மேசை நிம்மதியாகக் கிடைக்கும். ஹலால் பலகையைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், மீன் சாஸ், முட்டை உண்டா என்று கேளுங்கள். தட்டு வாங்கப் போகும்போது இடம் பறிபோகாமல் இருக்க மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைப்பது ஊர் வழக்கம். பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி (நெல்லை): மகள் தனியா போறா. திரும்பி வர ராத்திரி ஆனா பயமில்லையே?

பதில்: அம்மா, லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட்டுக்கு ஊதா நிற வடகிழக்கு ரயில் தடம் நேராகப் போகும், ஐந்தாவது நிறுத்தம், அதுவே கடைசி. மேலே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில், பூங்கா இருக்கும் சென்டோசா தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போகத்தான் கட்டணம், திரும்பும்போது இல்லை. ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். இரவு வரை ஆள் நடமாட்டம் இருக்கும். லைவ் லொகேஷனை உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். ரைடில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டாள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

கேள்வி (ஈரோடு): போட்டோ யார் எடுப்பா?

பதில்: பூங்கா வாசலில் சுழலும் யூனிவர்சல் பூமி உருண்டை முன்னால் எப்போதும் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும், எடுக்கிற அப்பா மட்டும் படத்தில் இருக்க மாட்டார். “நான் எடுக்கட்டுமா?” என்று நீங்களே முதலில் கேளுங்கள். கேட்காமலேயே அவர் உங்களை எடுத்துத் தருவார்.