வேதியியல் மாணவிக்கு எந்தக் கணிதத் தாள்?

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு இரண்டு கணிதத் தாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, அறிவியல் மாணவர்களுக்கான கணிதம். மற்றொன்று, கணிதத் துறை மாணவர்களுடன் சேர்ந்து படிக்கும் நுண்கணிதம். முதலாவதை எடுத்தால் மார்க் அள்ளலாம் என்கிறார்கள் சீனியர்கள். கஷ்டமானதைப் படித்தால்தான் எம்.எஸ்சி.க்கு உதவும் என்கிறார் அப்பா. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதும் எண்ணமும் இருக்கிறது. பிளஸ் டூ கணிதத்தில் 78 மதிப்பெண். இரண்டு பாடத்திட்டங்களையும் இணைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

பதில்: அறிவியல் மாணவர்களுக்கான கணிதத்தையே எடுங்கள். ஆனால் உங்கள் சீனியர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நீங்கள் அனுப்பியுள்ள பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், வேதியியலுக்கு வேண்டிய பகுதிகள் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. கடினமான தாளின் கடினம் வேறு ஒரு தேவைக்காக ஏற்பட்டது.

கணிதத் துறையின் தாளில் முதல் இரண்டு அலகுகள் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் எப்சிலான்-டெல்டா வரையறைகளுக்கும், இடைமதிப்புத் தேற்றங்களின் நிரூபணங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. அடுத்து வளைவு ஆரம், தொலைத்தொடுகோடுகள், குறைப்பு வாய்பாடுகள், பீட்டா மற்றும் காமா சார்புகள், இரட்டைத் தொகையீடு ஆகியவை வருகின்றன. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் அணிகளுக்கும் அந்தத் துறையில் தனித் தாள்கள் இருப்பதால், இந்தத் தாள் அவற்றைத் தொடுவதே இல்லை. பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக் காணும் பகுதி வகைக்கெழுவும் அடுத்த தாளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அறிவியல் மாணவர்களுக்கான தாளிலோ அணிகளும் அணிக்கோவைகளும், பகுதி வகைக்கெழுக்கள், தொகையிடும் முறைகள், முதல் வரிசை மற்றும் மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர் என்று பரப்பு அதிகம், நிரூபணம் குறைவு. கணிதம் படிக்க வந்தவருக்கு நிரூபணம்தான் உயிர்நாடி. அவர் அந்தத் தாளைத் தவிர்க்கக் கூடாது. வேதியியல் மாணவிக்கு முதலில் தேவைப்படுவது பரப்பு.

இந்தப் பரப்பு உங்கள் முதன்மைப் பாடத்தில் எங்கெங்கே வந்து நிற்கும் என்று பாருங்கள். வேதிவினை வேகவியலில் வினைவேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று எழுதிய மறுவரியே ஒரு வகைக்கெழுச் சமன்பாடு; மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால்தான் மடக்கையும், அரைவாழ்வுக் காலத்தில் வரும் 0.693 என்ற எண்ணும் எங்கிருந்து முளைத்தன என்பது விளங்கும். குவாண்டம் வேதியியலில் பியூட்டாடையீன் மூலக்கூறை ஹக்கல் முறையில் கணக்கிடும்போது நான்குக்கு நான்கு அணிக்கோவை ஒன்றை விரித்தாக வேண்டும். வெப்ப இயக்கவியலோ முழுக்க முழுக்கப் பகுதி வகைக்கெழுக்களின் மொழியிலேயே எழுதப்படுகிறது.

அந்த வெப்ப இயக்கவியலிலிருந்து ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் சுலபமான தாளில் இருக்கும் ஆபத்தும் இங்கேதான் தெரிகிறது. ஒரு மோல் நல்லியல்பு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை மாற்றாமல் கனஅளவைப் பொறுத்து அழுத்தத்தின் பகுதி வகைக்கெழு, அழுத்தத்தை மாற்றாமல் வெப்பநிலையைப் பொறுத்துக் கனஅளவின் பகுதி வகைக்கெழு, கனஅளவை மாற்றாமல் அழுத்தத்தைப் பொறுத்து வெப்பநிலையின் பகுதி வகைக்கெழு ஆகிய மூன்றையும் பெருக்கினால் என்ன வரும்? பின்னங்களைப் போல மேலும் கீழும் அடித்துவிட்டு ஒன்று என்று விடை எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சரியான விடை கழித்தல் ஒன்று. வாயுச் சமன்பாட்டிலிருந்து மூன்றையும் தனித்தனியே கண்டுபிடித்துப் பெருக்கிப் பாருங்கள். முதல் வகைக்கெழு எதிர்க்குறியுடன் வரும், மற்ற இரண்டும் நேர்க்குறியுடன் வரும், மீதியெல்லாம் அடிபட்டுப் போகும். ஒவ்வொரு வகைக்கெழுவிலும் மாறாமல் வைக்கப்படும் அளவு வேறு வேறு என்பதால்தான் அவற்றைப் பின்னங்களாக நடத்த முடிவதில்லை. வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத் தாளில் மார்க் விழுந்துவிடும். ஆனால் வெப்ப இயக்கவியல் தாளில், இத்தகைய பகுதி வகைக்கெழுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் மேக்ஸ்வெல் தொடர்புகள் வரும் நாளில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. சுலபமான தாளை எடுப்பவர் அதைச் சுலபமாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு வாய்பாட்டையும் ஒரு வாயுவிலோ ஒரு வினையிலோ ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

உங்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழுக்களும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், அங்கிருந்து வரும் உங்கள் வகுப்புத் தோழர்களுக்குப் பகுதி வகைக்கெழு அநேகமாகப் புதிய பாடம். அந்தத் தொகுதியைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிடவில்லை என்றால் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் காதில் விழும் கலைச்சொல்லை அன்றன்றே அதில் உள்ள தமிழ்ச் சொல்லோடு சேர்த்து எழுதி வைத்தால், தமிழ்வழியிலிருந்து வந்தவர்களை முதல் செமஸ்டரில் மிரட்டும் பாதிச் சிரமம் மறைந்துவிடும். அந்தச் சிரமம் மொழியினுடையது, கணிதத்தினுடையது அல்ல.

உங்கள் தந்தை சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. கணிதத் துறையின் தாளில் உள்ள காமா சார்பு உங்களுக்கு நிச்சயம் பயன்படும். ஹைட்ரஜன் அணுவின் தாழ்நிலையில் எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து சராசரியாக எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட, ஆரத்தின் மும்மடியையும் ஓர் அடுக்குக்குறிச் சார்பையும் பெருக்கிப் பூச்சியம் முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும். பகுதித் தொகையிடல் முறையில் இதை மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். காமா சார்பு தெரிந்தவர் ஒரே வரியில், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெயரால் வழங்கும் ‘போர் ஆரம்’ என்ற அளவைப்போல் ஒன்றரை மடங்கு என்று முடித்துவிடுவார். அந்த ஓர் அலகை மட்டும் கணிதத் துறை மாணவி ஒருவரின் நோட்டை வாங்கி விடுமுறையில் படித்துவிடலாம். அதற்காக ஒரு செமஸ்டர் முழுவதும் எப்சிலானோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஜாம் தேர்வைப் பொறுத்தவரை, வேதியியல் தாளில் கேட்கப்படும் கணிதம் சார்புகள், பெருமம் சிறுமம், தொகையிடல், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், திசையன்கள், அணிகள், அணிக்கோவைகள், நிகழ்தகவு ஆகியவற்றின் அடிப்படைகளைச் சார்ந்தது. நிரூபணங்கள் அங்கே கேட்கப்படுவதில்லை. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு க்யூட் நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடக்கிறது. இந்த இரு வழிகளிலும் தரவரிசையைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்பதால், ஒரு கணிதத் தாளில் கூடுதலாகக் கிடைக்கும் ஐந்து பத்து மார்க்குக்கு உங்கள் சீனியர்கள் நினைக்கும் அளவுக்கு மதிப்பில்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே முதுநிலைச் சேர்க்கை நடத்தும் கல்லூரிகளும் உண்டுதான். ஆனால் அரியர் விழுந்தால் எங்கே விண்ணப்பித்தாலும் தொல்லை.

அரியர் பற்றிப் பேசும்போது நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிரூபணம் சார்ந்த தாள் வகுப்பில் கேட்டதோடு முடியாது; நாள்தோறும் வீட்டில் தாளும் பேனாவுமாக உட்கார வேண்டும். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக வந்து அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் ஊர்ந்து செல்லும் பேருந்தில் தினமும் போய் வருகிறவருக்கு, மதியம் முழுவதும் ஆய்வகத்தில் நின்றுவிட்டு இரவில் ரெக்கார்டு நோட்டும் எழுத வேண்டியவருக்கு, அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்விதான். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இந்தக் காரணத்தை நான் சொல்லமாட்டேன்.

என் ஆலோசனை இரண்டு நிலைகளில் தலைகீழாக மாறும். கோட்பாட்டு வேதியியலிலோ கணினிவழி வேதியியலிலோ ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இப்போதே இருந்தால், கணிதத் துறையின் தாளை எடுத்து, மற்றதன் பாடங்களை நீங்களாகவே படித்துக்கொள்ளுங்கள். அதுபோலவே, முதுநிலையில் இயற்பியலுக்கு மாறும் யோசனை இருந்தாலும் கடினமான வழிதான் ஏற்றது, எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பல இடங்களில் இளநிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், எத்தனை செமஸ்டர் கேட்கிறார்கள் என்பதையும் அந்தந்தச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருப்பப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், செமஸ்டர் தொடங்கிய பிறகு தாளை மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் தருகிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். அவகாசம் இருந்தால் இரண்டு வகுப்புகளிலும் சில நாட்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பதில் தவறில்லை. அந்த நாட்களில் அறிவியல் மாணவர்களுக்கான தாளை நடத்தும் ஆசிரியர் கணக்குப் போடாமல் விடைகளை மட்டும் எழுதிப் போடுகிறவராக இருந்தால், மேலே நான் சொன்ன அனைத்தையும் ஒதுக்கிவிட்டு மற்ற வகுப்புக்குப் போய்விடுங்கள்.