ஞானியான தலைவர் எப்போது வருவார்?

கேள்வி: ஞானம் அடைந்த ஒருவர் தலைமைக்கு வந்தால்தான் மக்களுக்கு விடிவு. அப்படிப்பட்டவரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முகத்தில் தேஜஸ், பேச்சில் நிதானம், உடையில் எளிமை, இதைத்தானே தேடுகிறீர்கள்? விட்டுவிடுங்கள். இவற்றை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் நூலான விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு, அதாவது துறவி, தன் மலத்திலேயே விழுந்து கிடக்கிறார். அவரால் மற்றவர்களுக்கு உபயோகம் இல்லையாம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்றுகிறார், அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிடுகிறார். புத்தர் தலைப்பக்கம், ஆனந்தர் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் புத்தர் துறவிகளின் சங்கத்தைக் கூட்டி, 'ஏன் கவனிக்கவில்லை?' என்று கேட்கிறார். இந்த வரிசைதான் என்னை உலுக்குகிறது. முதலில் தண்ணீர், பிறகுதான் உபதேசம்.

அசோகரையும் பாருங்கள். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று 13ஆம் பாறைச் சாசனத்தில் அவரே சொல்லி வருந்துகிறார். தன் குற்றத்தைத் தானே கல்லில் வெட்டிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 6ஆவது சாசனத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப்புரத்தில் இருந்தாலும் மக்கள் காரியத்தை உடனே வந்து சொல்லுங்கள் என்கிறார். ஆனால் அதே 13ஆம் சாசனத்தில் காட்டுவாசிகளுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்த வருத்தம் பொறிக்கப்படவே இல்லை! அங்கே இருப்பது, கோபமும் அவசரமும் சோம்பலும் கூடாது, யாரையும் அநியாயமாகச் சிறையில் வைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை. மனம் திருந்தியவரும் முழுசாகத் திருந்திவிடுவதில்லை. அதனால்தான் கட்டளையும் கண்காணிப்பும் வேண்டியிருக்கிறது.

'ஒருவர் வந்தால் விடிவு' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். புத்தர் தனக்கு வாரிசு என்று யாரையும் நியமிக்கவில்லை. தனக்குப் பின் தம்மமும் (தன் போதனையும்) விநயமுமே (ஒழுக்க விதிகளுமே) ஆசான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு தலைவர் இருக்கிறார் என்று தெரிகிறது. அவரிடம் கசப்பான செய்தியைக் கொண்டுபோனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் அவர் பக்கத்திலேயே இருந்தால், இன்னும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தால், அந்தத் தலைவரைத் தாராளமாக ஆதரியுங்கள்.