துண்டு, சாவி, 72 மணி நேரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றி: ஆண்கள் ஆண்களைச் சந்திக்கும் சவுனாக்கள், அதாவது நீராவிக் குளியலகங்கள். எனக்கு 61 வயது, கோலாலம்பூர் (கே.எல்.) பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி. 30 வருடம் மருந்துக் கவுண்டரில் நின்றவன். நானும் தன்பாலீர்ப்பாளன்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு 26 வயது, கிடங்கில் வேலை. அடுத்த மாதம் பேங்காக் போகிறேன். அங்கே ஒரு சவுனாவுக்குப் போய்ப் பார்க்க ஆசை. உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று கேட்க ஆளில்லை. கே.எல்.லிலும் இருக்கிறதாம், இங்கேயே போகலாமா?
— ர., கிள்ளான்

தம்பி, முதலில் சட்டம். பேங்காக் வேறு, கே.எல். வேறு. தாய்லாந்தில் ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை. 2025 ஜனவரி 23 முதல் அங்கே கல்யாணமே பதிவு செய்யலாம். இங்கே மலேசியாவில் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டம். இந்தியாவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது, சிங்கப்பூர் 2022-ல் நீக்கியது. நம் நாட்டில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. இருவரும் மனமொத்துத்தான் சேர்ந்தோம் என்று சொன்னாலும் தப்ப முடியாது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டமும் தனியாக இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் கே.எல். சௌகிட்டில் இப்படிப்பட்ட ஒரு இடத்தில் சோதனை நடந்து 200 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். போதிய ஆதாரமில்லை என்று பெரும்பாலானவர்களைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் பிடிபட்டவர்களில் டாக்டர் உண்டு, ஆசிரியர் உண்டு என்று ஊரெல்லாம் செய்தி. அந்த ஒரு ராத்திரியில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் தூங்காமல் கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதனால் இங்கே போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்களைத் திட்டவும் மாட்டேன். ஒருவேளை பிடிபட்டால் ஓடாதீர்கள், கைகலக்காதீர்கள். எதற்காகக் கைது என்று கேட்கவும், வக்கீலோடு பேசவும் அரசியலமைப்பின் 5-வது விதி உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. வக்கீலுக்குக் காசில்லையா, ஒய்.பி.ஜி.கே. என்ற தேசியச் சட்ட உதவி அறவாரியம் வேண்டும் என்று சொல்லுங்கள். மலேசியர்களுக்கு இலவசம்.

சரி, பேங்காக். நான் முதல் தடவை போனது 1994-ல். வாசலில் காசு கட்டியதும் ஒரு துண்டும், ரப்பர் வளையத்தில் கோத்த சாவியும் தந்தார்கள். லாக்கர் முன்னால் இருந்த மரப் பெஞ்சில் சட்டையைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே துடைப்பம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு குவளை இஞ்சித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அதைக் குடித்த பிறகுதான் எழுந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை. காசு கட்டியதால் எதுவும் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. நீராவி அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினாலும் போனது போனதுதான்.

கைப்பேசியும் பாஸ்போர்ட்டும் லாக்கரை விட்டு வெளியே வரக் கூடாது. முதல் வேலை சோப்புப் போட்டுக் குளிப்பது. உட்காரும் இடமெல்லாம் உங்கள் துண்டை விரித்து உட்காருங்கள். உள்ளே பேச்சு குறைவு, கண்ணால்தான் கேட்பார்கள். ஒருவர் பார்வையைத் திருப்பினாலோ, உங்கள் கையை மெல்ல எடுத்துவிட்டாலோ வேண்டாம் என்று அர்த்தம். அவர் பின்னாலேயே போகாதீர்கள். உங்களுக்கும் அப்படித்தான்: தலையை ஆட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். விடாமல் தொந்தரவு செய்தால் ஊழியரிடம் சொல்லுங்கள். சாத்திய கதவைத் தள்ளாதீர்கள். திறந்த கதவும் எட்டிப் பார்க்கத்தான் அனுமதி, தொட அல்ல. நிதானத்தில் இல்லாதவரிடம் போகவே கூடாது, அவரால் சம்மதம் சொல்ல முடியாது. யாராவது ஐஸ் என்ற போதைப்பொருளைப் புகைக்க நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் அழிந்த பையன்களை எனக்கு நேரில் தெரியும்.

போனதும் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இருட்டும் சந்துமாகக் கட்டிய இடங்கள். 1977 மே 25-ல் நியூயார்க்கில் எவரார்ட் என்ற குளியலகம் தீப்பிடித்து ஒன்பது பேர் செத்தார்கள். நான் எங்கே போனாலும் முதலில் அந்தக் கதவைத்தான் தேடுவேன்.

ஆணுறையை நீங்களே கொண்டு போங்கள். அதோடு தண்ணீர் கலந்த வழுக்குக் களிம்பு. தேங்காய் எண்ணெயும் வேஸலினும் கூடவே கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். அப்புறம், பயணத்துக்கு முன்னாலேயே ப்ரெப் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை அது. தினமும் ஒன்று சாப்பிடலாம். எப்போதாவதுதான் என்றால் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு, பிறகு அந்த இரண்டையும் சாப்பிட்ட நேரத்திலிருந்து எண்ணி 24 மணி நேர இடைவெளியில் ஒன்று, இன்னொன்று. ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் சோதிக்க வேண்டும், அதனால் ஒரு மாதம் இருக்கும்போதே போங்கள். 2023 முதல் சில அரசு கிளினிக் கெசிஹாத்தான்களில் இது கிடைக்கிறது. மேகப்புண்ணையும் வெட்டை நோயையும் இந்த மாத்திரை தடுக்காது. அதற்கு ஆணுறையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும்தான்.

போய் வந்து நாலு நாள் ஆகிறது. ஆணுறை கிழிந்துவிட்டது. ப்ரெப் எதுவும் சாப்பிடவில்லை. கிளினிக் கவுண்டரில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.
— பெயர் வேண்டாம், செந்தூல்

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பெப் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. ப்ரெப் உறவுக்கு முன்னால், இது உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் நாளே ஆரம்பிப்பது இன்னும் நல்லது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. அதற்காக நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதே ஒரு சோதனை, பிறகு 45-வது நாள் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை. மேகப்புண்ணுக்கு மூன்று மாதத்தில் இன்னொரு தடவை. இடையில் காய்ச்சலோ, தடிப்போ, வலிக்காத புண்ணோ வந்தால் காத்திருக்காதீர்கள். முடிவு தெரியும்வரை ஆணுறை இல்லாமல் யாரோடும் வேண்டாம்.

கவுண்டர் பயம் எனக்குப் புரியும். ரொம்ப வருடம் முன்பு ஒரு கிளினிக்கில், என் சோதனை எதற்கு என்று கவுண்டர் அம்மா நாற்காலி வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியவன், எட்டு மாதம் எந்தக் கிளினிக் வாசலையும் மிதிக்கவில்லை. பிறகு நானே கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபோது, ஐந்தாவது நாள் வந்த ஒரு பையனுக்கு நேரம் போய்விட்டது என்று சொல்ல வேண்டி வந்தது. அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: வாய் திறக்க வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் ‘பெப் வேண்டும், 72 மணி நேரம் முடியவில்லை, டாக்டரிடம் மட்டும் பேசுகிறேன்’ என்று எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து நீட்டுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் மருந்து இருக்காது, கிளம்புமுன் போன் போட்டுக் கேளுங்கள். கே.எல்.லில் பி.டி. அறவாரியத்தைக் கேட்கலாம். 1987-லிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

எனக்கு 57 வயது. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நீராவி அறை ஒத்துக்கொள்ளுமா?
— க., பட்டர்வொர்த்

உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் ஐயா. சூட்டில் ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரையும் இறக்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. டாக்டர் சரி என்றாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள், மது கூடாது. இதைவிட முக்கியம்: நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. உள்ளே சிலர் முகரும் பாப்பர்ஸ் குப்பியும் நைட்ரேட்டுக்கு உறவுதான். அதோடு வயாகரா சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தாளரிடம் கேளுங்கள்.

என் தம்பி இப்படிப்பட்டவன் என்று போன வருடம்தான் என்னிடம் சொன்னான். முந்தாநாள் அவன் பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு மாத்திரைப் புட்டி கிடைத்தது. அதில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் எச்.ஐ.வி. மருந்து என்று வருகிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பயந்துபோய் அந்தப் புட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன்.
— ஓர் அக்கா, ஜெலுத்தோங், பினாங்கு

புட்டியில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்ற இரண்டு பெயர் மட்டும்தானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் பெரும்பாலும் அது மேலே நான் சொன்ன ப்ரெப் மாத்திரை. நோய் வராமல் இருக்கச் சாப்பிடுவது, மழைக்கு முன் குடை எடுப்பது போல. இதே மருந்து இன்னொன்றோடு சேர்ந்து சிகிச்சைக்கும் போகும் என்பதால்தான் தேடும்போது அப்படி வருகிறது. ஒருவேளை நோயே இருந்தாலும் அம்மா, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. எல்லோரையும்போல வேலை பார்த்து, வயதாகி வாழலாம். ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே டம்ளரில் குடிக்கலாம்.

பயந்துபோய் அந்தப் புட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இரண்டு நாள் மாத்திரை தவறியிருக்கும், தம்பி தேடிக்கொண்டிருப்பான். கையில் கொடுத்து ‘பையில் இருந்தது, நான்தான் எடுத்து வைத்தேன், என்னவென்று தெரிந்துகொண்டேன்’ என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. மீதியை அவன் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.